ஒலிவியே ஜிரூ: இன்னும் கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி (அனுபவப் பகிர்வு)

ஃபிரான்ஸ் கால்பந்து ஸ்ட்ரைக்கர் ஜிரூ ஆடினதுல மனசுல நின்ன காட்சி எதுன்னு ரசிகர்கள் ஒவ்வொருத்தரா எழுதினது.

மிலான் டெர்பி, அதாவது ஒரே ஊர் அணிகளான ஏசி மிலானும் இன்டரும் மோதுற ஆட்டம், 2022 பிப்ரவரி 5. ஜிரூ மிலான் பக்கம். கதை எல்லாருக்கும் தெரியும். பெரிசிச் கோலோட இன்டர் முன்னால. அன்னைக்கு ஜெயிச்சிருந்தா 7 புள்ளி தள்ளிப் போயிருப்பாங்க. 75-வது நிமிடம் மிலானோட ப்ராஹிம் டியாஸ் அடிச்சது விலகி வந்துச்சு, ஜிரூ சறுக்கி உள்ளே தள்ளினார். அதை விடுங்க, 78-வது நிமிடம்தான் விஷயம். கலாப்ரியா பாஸ் வரும்போது கோலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறார், பின்னால இன்டர் டிஃபெண்டர் டெ வ்ரே ஒட்டிக்கிட்டு. அந்த இடத்துல பெரும்பாலான ஸ்ட்ரைக்கர்கள் பந்தை நிறுத்திட்டுத்தான் திரும்புவாங்க. நிறுத்துற அந்த அரை நொடியில டிஃபெண்டர் கால் உள்ளே வந்துடும். இவர் நிறுத்தவே இல்ல. பந்தைத் தொட்டதே திரும்புறதுக்காகத்தான். பந்து உருளுது, உடம்பும் அதே சுழற்சியில கூடவே போகுது, டெ வ்ரே ஜிரூ இல்லாத இடத்தைக் காத்துக்கிட்டு நிக்கிறார். அடுத்தது இடது கால், தரையோட, கோல். இத்தாலியன்ல "திரும்பினான்" என்பதற்கு "ஜிராத்தோ". "சி எ ஜிராத்தோ ஜிரூ"ன்னு மிலான் ரசிகர்கள் வாயில அந்த வரி அப்படியே நின்னுடுச்சு. சீசன் முடிவுல மிலான் 86 புள்ளி, இன்டர் 84, லீக் பட்டம் மிலானுக்கு. அந்த மூணு நிமிடத்தை எடுத்துட்டா அந்தக் கணக்கே வேற.

* * *

2013 அக்டோபர், ஆர்சனல் – நார்விச். ஜிரூ அப்போ ஆர்சனல்ல, அவரோட அணி வீரர் வில்ஷியர் அடிச்ச கோல். எல்லாரும் வில்ஷியரையும் கசோர்லாவையும் பேசுவாங்க, நான் ஜிரூ காலை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். பாக்ஸ் விளிம்புல பந்து வருது, ஓட்டத்துல வில்ஷியர் பக்கத்துல வந்துட்டார். ஜிரூ காலை ஆட்டி உதைக்கல. கணுக்காலைத் தளர்த்தி, பந்து பட்டு எகிறுற மாதிரி பாதத்தை மட்டும் வச்சார். காலை இறுக்கியிருந்தா பந்து ரெண்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கும், நார்விச் கீப்பர் ரூடி கையில அகப்பட்டிருக்கும். தளர்த்தினதாலதான் வில்ஷியர் காலுக்கு நேரா, அவர் ஓடுற வேகத்துக்கு ஏத்த மாதிரி விழுந்துச்சு. கோல் கணக்குல அவர் பேர் இருக்காது. ஆனா அந்தக் கோலோட பூட்டு திறந்தது அங்கதான்.

* * *

அழகைப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க. எனக்கு இன்னும் உறுத்துறது 2018 உலகக் கோப்பை. 7 ஆட்டத்திலும் இறங்கினார், 546 நிமிடம். கோலுக்குள்ள போற மாதிரி ஒரு ஷாட் கூட இல்ல. 1998-ல கிவார்ஷ், 2018-ல ஜிரூ. ரெண்டு தடவையும் ஃபிரான்ஸ் கோப்பையைத் தூக்கினது அவங்க ஸ்ட்ரைக்கர் கோலே அடிக்காமத்தான். ஸ்ட்ரைக்கர்னா கோல் அடிக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

* * *

2018 பத்தி எழுதின நண்பருக்கு. 546 நிமிடம் சரி, கோல் பூஜ்யம் சரி. ஆனா முதல் ஆட்டத்துல ஆஸ்திரேலியாவோட யார் ஆரம்பிச்சாங்கன்னு பாருங்க: எம்பாப்பே, கிரீஸ்மன், டெம்பெலே. மூணு பேருமே பந்து காலுக்கு வேணும்னு கேட்கிறவங்க, இல்ல இடத்துக்குள்ள ஓடுறவங்க. டிஃபெண்டர்களைப் பிடிச்சு நிறுத்தி வைக்க ஆள் இல்ல. ஆஸ்திரேலியா வரிசை நகராம உட்கார்ந்துச்சு. 70-வது நிமிடம் ஜிரூ உள்ளே வந்தார். 81-ல போக்பா கொடுத்த பந்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தார், போக்பா அடிச்சது ஆஸ்திரேலியா டிஃபெண்டர் பெஹிச் மேல பட்டு உள்ளே போச்சு, 2-1. அடுத்த ஆட்டத்துல இருந்து இறுதி வரைக்கும் கோச் தெஷாம் அவரை பெஞ்சுல உட்கார வைக்கவே இல்ல.

பெரு ஆட்டத்துல எம்பாப்பே அடிச்ச ஒரே கோலும் ஜிரூ அடிச்ச பந்துதான். டிஃபெண்டர் மேல பட்டு கீப்பர் தலைக்கு மேல எழும்பிப் போய்க்கிட்டிருந்ததை எம்பாப்பே கோட்டுக்கிட்ட தட்டிவிட்டார். அர்ஜென்டினாவோட நாலாவது கோலுக்குக் கடைசி பாஸும் இவரோடது. அணிக்கு ஒரு நங்கூரம் தேவைப்பட்டுச்சு, இவர் நங்கூரமா இருந்தார். எதிரணியோட நடு டிஃபெண்டர் ரெண்டு பேரையும் தன் மேல கட்டிப் போட்டதாலதான் கிரீஸ்மனுக்கு நடுவுல இடம் கிடைச்சது. கிவார்ஷோட ஒப்பிடுறது நியாயமே இல்ல. கிவார்ஷ் நாட்டுக்காக அடிச்சது ஒரே கோல், இவர் 137 ஆட்டத்துல 57.

* * *

தேள் உதை. 2017 ஜனவரி 1, ஆர்சனல் – கிரிஸ்டல் பேலஸ். இதை யாரும் சொல்லாதது ஆச்சரியம்.

தன் பாதி மைதானத்துல இருந்து அந்தத் தாக்குதலை ஒரு பின்னங்கால் தட்டோட ஆரம்பிச்சு வச்சதே ஜிரூதான். பிறகு பாக்ஸுக்கு ஓடினார். இடப்பக்கம் இருந்து சாஞ்செஸ் கொடுத்த கிராஸ் பின்னால விழுந்துடுச்சு, ஜிரூ அதைத் தாண்டிட்டார். தலையால முட்ட வழியில்ல, நின்னு வாங்கவும் நேரமில்ல. உடம்பை முன்னால சாய்ச்சு, இடது குதிகாலைத் தலைக்கும் மேல கொண்டு போய்த் தட்டினார். கிராஸ்பாரோட அடிப்பக்கம் பட்டு உள்ளே. வருஷத்தோட சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கிற புஷ்காஷ் விருது அந்த வருஷம் அதுக்குத்தான். ஆறு நாள் முன்னால மான்செஸ்டர் யுனைடெட்டோட மிகிதாரியன் அதே மாதிரி அடிச்சார், ஆனா அது நடுவர் கவனிக்காத ஆஃப்சைடு. ரெண்டும் ஒண்ணுன்னு இனி யாரும் எழுத வேண்டாம்.

* * *

தேள் உதை நூறு முயற்சியில ஒண்ணு உட்காரும். அதைப் பார்த்து யாரும் கத்துக்க முடியாது. கத்துக்க வேண்டியது 2019 யூரோப்பா லீக் இறுதி, பாகுவுல செல்சிக்காக ஆர்சனலுக்கு எதிரா 49-வது நிமிடம். எமர்சன் இடப்பக்கம் இருந்து தாழ்வா அனுப்புறார், ஜிரூ ஆர்சனல் டிஃபெண்டர் கொசியெல்னிக்கு முன்னால பாய்ந்து தலையால எதிர்ப் பக்க மூலைக்கு. பழைய கிளப் என்பதால கொண்டாடல. அந்தத் தொடர்ல 11 கோல், அதிகம் அடிச்சது அவர்தான்.

நியர் போஸ்ட் ஓட்டம், அதாவது கிராஸ் வர்ற பக்கத்துக் கம்பத்தை நோக்கி ஓடுறது, பழகுற பசங்க இதைக் கவனிங்க. முதல்ல டிஃபெண்டரோட கண்ணுக்கு வெளியே, அவன் முதுகுப் பக்கம் நிக்கணும். அவன் பந்தைப் பார்த்தா உங்களைப் பார்க்க முடியாது, உங்களைப் பார்த்தா பந்தைப் பார்க்க முடியாது. கிராஸ் போடுறவன் கடைசியாப் பந்தைத் தட்டி, தலையைக் குனியுற கணம்தான் கணக்கு. அதுக்கு முன்னால ரெண்டு அடி தூரப் போஸ்ட் பக்கம் பின்வாங்கணும், டிஃபெண்டர் எடை அந்தப் பக்கம் சாயும். தலை குனிஞ்சதும் அவனுக்கு முன்னால வெட்டி ஓடணும். பசங்க செய்ற தப்பு ரெண்டுதான். ஒண்ணு, சீக்கிரமே ஓடிப் போய் போஸ்ட்ல நின்னு காத்திருக்கிறது. நின்னுட்டா வேகம் போச்சு, தலையால முட்டுற பந்துக்குப் பலம் இருக்காது. ரெண்டாவது, பந்தைக் கோலை நோக்கித் தள்ளணும்னு கழுத்தை வீசுறது. கிராஸ்லயே வேகம் இருக்கு, நெத்தியோட கோணத்தை மாத்தினாலே போதும். ஒரு பக்கத்துக்குப் பத்து கிராஸ், டிஃபெண்டர் இல்லாம. கால் கணக்கு பிடிபட்டதும் டிஃபெண்டரோட பத்து.

முதுகு காட்டி நிக்கிறதுக்கும் இதே. கால் ரெண்டும் தோளை விட அகலம், முட்டி மடிஞ்சு, இடுப்பு டிஃபெண்டர் இடுப்பை விடத் தாழ்வா. கை அவன் எங்க இருக்கான்னு தொட்டுப் பார்க்க மட்டும். முழங்கை தோளுக்கு மேல போனா ஃபவுல் ஆகலாம். முழு எடையையும் பின்னால சாய்க்காதீங்க, அவன் ஒரு அடி விலகினா நீங்க தரையில.

* * *

சின்னதா ஒண்ணு. 2023 அக்டோபர் 7, ஜெனோவா – மிலான். 98-வது நிமிடம் மிலான் கீப்பர் மெய்ன்யானுக்கு சிவப்பு அட்டை, மாற்று ஆட்டக்காரர் அஞ்சும் முடிஞ்சாச்சு. 37 வயசுல ஜிரூ கீப்பர் சட்டையும் கையுறையும் மாட்டுறார். ஃப்ரீ கிக் கிராஸ்பார்ல பட்டுத் தப்பிச்சது. பிறகு ஜெனோவா வீரர் ஜார்ஜ் புஷ்காஷ் தனியா பந்தைத் துரத்தி வர, ஜிரூ கோலை விட்டு ஓடி வந்து, காலடியில விழுந்து பந்தை அமுக்கிட்டார். கோட்டுல நின்னிருந்தா அது கோல். மிலான் 1-0. அந்த வாரச் சிறந்த அணியில சீரி ஆ அவரைக் கீப்பரா போட்டாங்க.

* * *

கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கர்னு மேல ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்கு ரெண்டு கணக்கு. 2009-10-ல ஃபிரான்ஸ் இரண்டாம் பிரிவுல தூர் அணிக்கு 21 கோல், அந்தப் பிரிவுல அதிகம் அடிச்சவர். 2011-12-ல மோன்பெலியேவுக்கு 21, அது அந்த கிளப்போட முதல் லீக் பட்டம். பாரிஸ் அணியோட நெனேவும் அதே 21தான், ஆனா பெனால்ட்டி இல்லாத கோல் ஜிரூவுக்கு அதிகம், அதனால அதிக கோல் அடிச்சவருக்கான விருது இவருக்கு. 2007-08-ல மூணாம் பிரிவு இஸ்த்ர்ல இரவலா ஆடினவர். நாட்டுக்கு முதல் ஆட்டம் 25 வயசுலதான், 2011 நவம்பர்.

எனக்கு ஒட்டிக்கிட்ட காட்சி 2020 டிசம்பர் 2, செவியாவுல. இடது காலால ஒண்ணு, வலது காலால கீப்பர் மேல தூக்கி ஒண்ணு, தலையால ஒண்ணு, பெனால்ட்டி ஒண்ணு. செல்சி 4-0, நாலும் அவர். அந்த வலது கால் கோலைப் பாருங்க. அவர் இடது கால் ஆள். பலவீனமான காலுன்னு அவசரப்பட்டு இடிக்காம, கீப்பர் கீழே வர்ற வரை பொறுத்து மெதுவாத் தூக்கினார்.

* * *

கணக்குன்னு வந்தாச்சுன்னா போலந்து ஆட்டத்தை விடக் கூடாது. 2022 உலகக் கோப்பை, டிசம்பர் 4, 44-வது நிமிடம், எம்பாப்பே பாஸ், டிஃபெண்டர்களுக்கு நடுவுல நழுவி இடது காலால குறுக்கே, போலந்து கீப்பர் ஷ்டெஸ்னியைத் தாண்டி. ஃபிரான்ஸுக்காக அவரோட 52-வது கோல், அதுவரை சாதனை ஆன்றியோட 51. ஆன்றி 123 ஆட்டத்துல அடிச்சதை இவர் 117-வது ஆட்டத்துல தாண்டினார். ரெண்டு வாரம் கழிச்சு இறுதி ஆட்டத்துல, 41-வது நிமிடமே அவரை வெளியே கூப்பிட்டாங்க. அன்னைக்கு ஃபிரான்ஸ் முன்னால ஒரு பாஸ் கூட உருப்படியாப் போகல, அதனால தெஷாம் முடிவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பலகையில 9-ன்னு எரிஞ்சதும் பெஞ்சுக்கு நடந்து வந்த அந்த முகம்.