மடல்களை அழித்தும் இடம் காலியாகவில்லை, அவசரம்!

அவசரக்கை: காலையிலிருந்து மடல்களை அழித்துக்கொண்டே இருக்கிறேன். 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்ற எச்சரிக்கை போகமாட்டேன் என்கிறது. இரவுக்குள் ஒரு முக்கியமான கோப்பு எனக்கு வர வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

தூண்டில்: எந்த மின்னஞ்சல்? போனிலா, கணினியிலா? எதையெல்லாம் அழித்தீர்கள்?

வெள்ளெலி: குப்பைத்தொட்டியைக் காலி செய்தீர்களா? பல சேவைகளில் அழித்தது அங்கே 30 நாள் கிடக்கும். அதுவும் கணக்கில் சேரும்.

பழையமோடம்: மாதம் தவறாமல் இதே கேள்வி. மேலே தேடல் பெட்டி அலங்காரத்துக்கு வைக்கவில்லை. 2004-இல் ஜிமெயில் வந்தபோது 1 ஜிபிதான் கொடுத்தார்கள். நாங்கள் அதிலேயே காலம் தள்ளினோம். இப்போது 15 ஜிபியும் பற்றவில்லையாம்!

தூண்டில்: அவர் ஜிமெயில் என்று சொல்லவே இல்லையே ஐயா.

அவசரக்கை: ஜிமெயில்தான். போனில். புரமோஷன்ஸ் முழுவதும் அழித்தாயிற்று. குப்பையும் காலி.

குறுக்குவழி: விளம்பர மடலில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் எழுத்துதான், ஆயிரக்கணக்கில் அழித்தாலும் பெரிதாக எதுவும் தேறாது. கணினியில் திறந்து, தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, 10எம் என்று போடுங்கள். 10 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வரும். பழையவை மட்டும் போதும் என்றால் கூடவே பிஃபோர், முக்காற்புள்ளி, 2020/01/01. மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவை மட்டும்தான் தேர்வாகும். அதற்குப் பிறகு பட்டியலுக்கு மேலே சின்னதாக ஒரு வரி வரும், தேடலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வெள்ளெலி: இனிமேல் எங்காவது பதிவு செய்யும்போது, முகவரியில் அட் குறிக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லைச் சேருங்கள். மடல் உங்களுக்கே வரும். அந்தச் சொல்லை வைத்து ஃபில்டர் போட்டுவிடலாம்.

பழையமோடம்: பாதித் தளங்கள் கூட்டல் குறியைப் பார்த்ததும் 'தவறான முகவரி' என்று திருப்பி அனுப்பும். விளம்பரத்துக்குத் தனிக் கணக்கு வைப்பதுதான் முறை.

வெள்ளெலி: அதற்கு இன்னொரு கடவுச்சொல், அதையும் மறந்துவிட்டு இங்கேதான் வந்து கேட்பார்கள்.

பழையமோடம்: கூட்டலுக்குப் பின்னால் இருப்பதை வெட்டினால் உண்மையான முகவரி கிடைத்துவிடும். இதில் என்ன பாதுகாப்பு?

வெள்ளெலி: பாதுகாப்பு என்று யார் சொன்னது? வடிகட்டத்தான் சொன்னேன்.

குறுக்குவழி: புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு நடுவே எத்தனை புள்ளி வைத்தாலும் ஜிமெயிலில் ஒரே பெட்டிதான்.

தூண்டில்: கேட்டவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு என்ன பேச்சு இது? அவசரக்கை, அந்த 15 ஜிபி மடலுக்கு மட்டும் இல்லை. டிரைவ், போட்டோஸ், மடல் மூன்றுக்கும் பொது. கூகுள் கணக்கின் சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு தின்கிறது என்று பிரித்துக் காட்டும். முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் அழிக்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதில்தான் சேர்கிறது, முன்பு சேராது. டிரைவில் 'என்னுடன் பகிர்ந்தவை' உங்கள் கணக்கில் வராது. அதில் கை வைப்பது வீண் வேலை.

அவசரக்கை: மடல் 2 ஜிபிகூட இல்லை! வாட்ஸ்அப் பேக்கப்தான் 9 ஜிபி. அதை நீக்கினால் அரட்டை எல்லாம் போய்விடுமா?

தூண்டில்: போனில் இருப்பது போகாது. ஆனால் நீக்க வேண்டாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப். வீடியோக்களைச் சேர்ப்பதை அணைத்துவிட்டு மறுபடி பேக்கப் எடுங்கள். வேண்டிய வீடியோக்களை முதலில் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

பழையமோடம்: இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது.

அவசரக்கை: கோப்பு வந்துவிட்டது. நன்றி.

புதுவரவு: எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஐபோன். டிரைவில் வாட்ஸ்அப் பேக்கப்பே காணவில்லையே?

தூண்டில்: ஐபோனில் அது ஐகிளவுடுக்குப் போகும். அங்கே இலவசம் 5 ஜிபிதான். தனி இழை தொடங்குங்கள்.