ஒரே கடை, ஒரே டின் விசில், இரண்டு குரல்: மலிவு விலையில் நல்லதைத் தேடுவது எப்படி?

லிமெரிக் அப்பா எழுதியது:

வணக்கம். மகளுக்கு எட்டு வயது, இங்கே லிமெரிக்கில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அயர்லாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் டின் விசில் (ஆறு துளையுள்ள சின்ன ஊதுகுழல்) கற்றுக்கொள்வது இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். செப்டம்பரில் ஒரு கடையில் டி சுருதி விசில் ஒன்று வாங்கினேன். 11 யூரோ. கீழ் ஸ்தாயி ஓரளவு வந்தது. மேல் ஸ்தாயியில் ஜி, ஏ சுரங்களைப் பிடித்தால் கீச்சென்று பிளந்தது. ஆறு துளையையும் மூடி அடி டி (விசிலின் மிகத் தாழ்ந்த சுரம்) ஊதினால் ஒரு நொடி நின்றுவிட்டு மேலே தாவியது. "எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குதுப்பா" என்று அழுதுவிட்டாள்.

மறுபடியும் அதே கடை, அதே கம்பெனி, அதே நிறம், இன்னொன்று வாங்கினேன். அது அவ்வளவு இனிமை! அவளும் ஆசையாக ஊதினாள். மூன்றாவது வாரம் அதைப் பேருந்தில் தவறவிட்டுவிட்டாள். மூன்றாவதாக வாங்கியது முதலாவதைப் போலவே பிளக்கிறது.

சின்ன வயதில் கும்பகோணத்தில் நான்கு வருடம் புல்லாங்குழல் கற்றவன் நான். மூங்கில் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது என்பது புரிகிறது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கும் இயந்திரத்தில் அறுத்த குழாயும் ஏன் இப்படி இருக்க வேண்டும்? டிசம்பரில் பள்ளிக் கச்சேரி. 15 யூரோவுக்குள் நம்பி வாங்க வழி இருக்கிறதா, இல்லை நல்லது கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

கார்க் அக்கா எழுதியது:

தம்பி, முதலில் மகளைக் கூப்பிட்டு, அவள் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு காரணத்தாலேயே எத்தனையோ பிள்ளைகள் "எனக்கு இசை வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்காது.

நான் கார்க்கில் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பத்து வருடமாகச் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பப்பில் நடக்கும் செஷனில், அதாவது எல்லோரும் கூடி வாசிக்கும் இடத்தில், விசில் ஊதுகிறேன். வீட்டில் இருபதுக்கு மேல் விசில் இருக்கிறது. எதுவும் 20 யூரோவைத் தாண்டியதில்லை. அதில் பாதிக்கு மேல் வாங்கின அன்று ஊதவே முடியாமல் இருந்தவைதான்.

புல்லாங்குழலில் காற்றை எங்கே விழவைப்பது என்பதை உங்கள் உதடு முடிவு செய்கிறது. குழல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் உதடு சமாளித்துவிடும். விசிலில் அந்த உதட்டின் வேலையை ஒரு பிளாஸ்டிக் தலை செய்கிறது. வாய் வைக்கும் இடத்திலிருந்து மெல்லிய சந்து ஒன்று போகும். காற்று அதன் வழியே பட்டையாக வந்து, தலையில் வெட்டியிருக்கும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் விளிம்பில் மோதும்போதுதான் குரல் பிறக்கிறது. சந்தின் உயரமோ விளிம்பின் இருப்போ மயிரிழை மாறினால் போதும், வேறு விசில் ஆகிவிடும். அச்சு நாளாக ஆகத் தேயும். வார்த்த இடத்தில் பிசிறு நிற்கும். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். அப்புறம் குழாயோடு ஒட்டும்போது கோணிக்கொள்ளும். பத்துப் பதினைந்து யூரோ சாமானை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து அனுப்பக் கட்டுப்படி ஆகாது. அதனால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

கடையில் ஊதிப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். கண்ணால் பார்க்க யாரும் தடுக்கப்போவதில்லை. வாய்ப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி சந்துக்குள் பாருங்கள். எதிரே விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். அது சாயாமல் நேராக இருக்க வேண்டும். சந்துக்குள்ளோ விளிம்பிலோ நூல் மாதிரி பிசிறு தெரிந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். குழாயின் வாய் நசுங்காமல் வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இதனாலேயே முடிந்தவரை இணையத்தில் வாங்காதீர்கள்.

சரி, இப்போது கையில் இருக்கும் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறைக்கும், மேலே பிளப்பதற்கும் அடி டி தாவுவதற்கும், நான் முதலில் செய்வது ஒன்றுதான்.

கெட்டிலில் வெந்நீர் வைத்து, கொதி அடங்கியதும் ஒரு குவளையில் ஊற்றி, விசிலின் தலையை மட்டும் ஒரு நிமிடம் முக்கி வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். பிறகு துணியால் பிடித்து மெல்லத் திருகினால் பசை விட்டுத் தலை கழன்று வரும். இதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். கழன்ற தலையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், காற்றுச் சந்தின் அடியில் ஒரு வெற்றுக் குழி இருக்கும். சுவரில் படம் ஒட்டும் ப்ளூடேக்கை உருட்டி, பென்சிலின் பின்பக்கத்தால் அந்தக் குழிக்குள் தள்ளி, ஜன்னல் தொடங்கும் இடத்தோடு சமமாக மட்டப்படுத்துங்கள். சந்துக்குள் துளிகூட ஏறக்கூடாது, ஜன்னலை மறைக்கவும் கூடாது. அந்தக் குழியில் காற்று சுழல்வது நின்றாலே பல விசில்களில் அடி டி திடமாகிவிடும், மேல் ஸ்தாயியும் ஒழுங்குக்கு வரும். எல்லா விசிலிலும் வராது. என் அனுபவத்தில் மூன்றுக்கு இரண்டு தேறியிருக்கிறது.

பிசிறு இருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரே ஒரு தடவல். விளிம்பின் கூர்மையைத் தொடாதீர்கள். அது போனால் போனதுதான்.

தலை கழன்று வந்ததில் இன்னொரு லாபம், இனி சுருதி சேர்க்கலாம். தலையைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். ஆனால் அளவோடு இழுங்கள். இழுக்க இழுக்க மேல் துளைகளின் சுரங்கள் அடி டி-யைவிட அதிகமாக இறங்கும், சுரங்களுக்குள் இடைவெளி கெட்டுவிடும். குளிரில் பையிலிருந்து எடுத்தவுடன் எந்த விசிலும் சுருதி இறங்கித்தான் இருக்கும். இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுச் சேருங்கள்.

நன்றாக ஊதிக்கொண்டிருக்கும்போதே குரல் அடைத்தால் அது ஈரம். ஜன்னலை விரலால் மூடி ஒரு ஊது ஊதினால் வெளியே வந்துவிடும். அடிக்கடி அடைத்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டைத் தண்ணீரில் கரைத்து, சந்துக்குள் ஓடவிட்டுக் காயவையுங்கள்.

புதிதாக வாங்குவதானால்: ஜெனரேஷன், ஃபாடோக், வால்டன்ஸ் கம்பெனி விசில் எல்லாம் நேர்க் குழாய், பிளாஸ்டிக் தலை. நல்லது வாய்த்தால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கிளார்க் ஒரிஜினல் வேறு வகை. ராபர்ட் கிளார்க் 1843-இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் செய்யத் தொடங்கிய அதே பாணி: கூம்பாக உருட்டிய தகரம், வாயில் மரக்கட்டை. காற்று கலந்த அந்தக் குரல் எனக்கு உயிர். ஆனால் மூச்சு நிறையக் கேட்கும், எட்டு வயதுக்குச் சிரமம். அதே கம்பெனியின் ஸ்வீட்டோன் தகரக் கூம்பும் பிளாஸ்டிக் வாயும் கொண்டது, மென்மையாகப் பேசும். உங்கள் மகளுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எங்கள் செஷனில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். வாழ்நாள் முழுக்க விசில் ஊதியவர். அவருடைய விசிலில் பூச்சு பாதி போய்விட்டது, இரண்டாவது துளையில் டேப் ஒட்டியிருக்கும். விலையைக் கேட்டால் பழைய ஐரிஷ் பவுண்டில் சொல்வார். அவர் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தால் பப் முழுக்க அடங்கிவிடும்.

பெல்ஃபாஸ்ட் தமிழன் எழுதியது:

அக்கா சொன்ன ப்ளூடேக் வேலை உண்மை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் கச்சேரிக்கு நாள் குறைவு. அண்ணா, ஸ்வீட்டோன் ஒன்றை இப்போதே வாங்கி மகள் கையில் கொடுத்துவிட்டு, பழசை ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சரிசெய்யுங்கள். வாங்கும் முன் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முப்பது பிள்ளைகள் சேர்ந்து ஊதும்போது ஒன்று மட்டும் தனியாகக் கேட்கக்கூடாது. பழைய விசிலை டீச்சரையே ஒரு தடவை ஊதச் சொல்லுங்கள். அவர் ஊதியும் பிளந்தால் குறை விசிலில், இல்லையென்றால் மூச்சில். நாட்டுப்புற இசைக்கருவிகளை மட்டும் விற்கும் கடையாகப் பாருங்கள். கல்லாவில் இருப்பவரே வாசிப்பவராக இருப்பார், கேட்டால் நாலைந்தை ஊதிப் பார்த்து நல்லதை எடுத்துத் தருவார்.

மூங்கில் எழுதியது:

நான் விசில் வாசிப்பவன் இல்லை, கர்நாடகப் புல்லாங்குழல்தான். லிமெரிக் நண்பருக்கு ஒன்று உதவும் என்பதால் எழுதுகிறேன்.

டி என்பது நம் சுருதிக் கணக்கில் 2 கட்டை. புல்லாங்குழலில் முதல் இரண்டு துளையை மூடினால் ஸட்ஜம், விசிலில் ஆறையும் மூடினால் ஸட்ஜம். அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரண ராகம். மேல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி), அப்போது ஹரிகாம்போதி. அடுத்த சுரமான ஈ-யை ஸட்ஜமாக வைத்துச் சங்கராபரணச் சுரங்களையே வாசித்தால் கரஹரப்ரியா. ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்குவதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

விசிலைச் சோதிக்கச் சுருதி காட்டும் ட்யூனர் மட்டும் போதாது. தம்புரா ஆப்பை 2 கட்டையில் போட்டு, மோகன ராகத்தின் ஐந்து சுரங்களையும் ஒவ்வொன்றாக நீட்டி ஊதுங்கள். எந்தத் துளை தப்பு என்று காது சொல்லிவிடும். தம்புராவோடு கரைந்து நிற்கும் அந்தர காந்தாரம் (மோகனத்தின் க) ட்யூனரில் 14 சென்ட் குறைவாகக் காட்டும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). அதைப் பிழை என்று நினைத்துத் துளையில் கை வைத்துவிடாதீர்கள்.

அப்புறம் மூச்சு. நம் குழலுக்குப் பழகியவர்கள் விசிலில் அழுத்தி ஊதிவிடுவார்கள். விசிலில் மூச்சின் அழுத்தம்தான் ஸ்தாயியையே மாற்றுகிறது. அடி டி-க்கு வெந்நீரை ஆற்றும் அளவு மூச்சு போதும்.

லிமெரிக் அப்பா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்தது.

டீச்சர் இரண்டையும் ஊதிப் பார்த்தார். முதல் விசில் அவருக்கும் பிளந்தது. மூன்றாவது அவருக்கு ஓரளவு நன்றாகவே பேசியது! மூங்கில் சொன்ன மூச்சு விஷயம் அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஊதிக் காட்டியவன் நான், என்னைப் பார்த்து அவளும் அழுத்தி ஊதியிருக்கிறாள்.

முதல் விசிலை வெந்நீரில் முக்கினேன். இரண்டாம் தடவைதான் பசை விட்டது. அக்கா சொன்ன குழி அப்படியே இருந்தது. ஒரு பட்டாணி அளவு ப்ளூடேக் பிடித்தது. திரும்பப் பொருத்தி, தம்புராவைப் போட்டு, அடி டி-யை மெல்ல ஊதினேன். நின்றது! மேல் ஜி பிளக்கவில்லை. ஏ மட்டும் இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. மகள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள், தூங்கும்வரை தரவில்லை. இரண்டு விசிலும் தேறிவிட்டதால் ஸ்வீட்டோனை அவள் பிறந்தநாளுக்கு வைத்திருக்கிறேன்.

ஒரே சந்தேகம். எல்லாத் துளையும் திறந்து வரும் சி ஷார்ப் கொஞ்சம் இறங்கியே இருக்கிறது. சிறிய அரம் ஒன்று இருக்கிறது, மேல் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா?

கார்க் அக்கா எழுதியது:

வேண்டாம் தம்பி, அரத்தை உள்ளே வையுங்கள். மேல் துளையைப் பெரிதாக்கினால் மூங்கில் சொன்ன அந்தக் கைசிகி நிஷாதம் ஏறிவிடும். இரண்டும் ஒரே துளையிலிருந்துதான் வருகின்றன, அதனால் பல விசில்களில் சி ஷார்ப் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். தலையை அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள். ஏதாவது ஒரு துளை ஏறியிருந்தால் மட்டும், அந்தத் துளையின் தலைப்பக்க ஓரத்தில் மெல்லிய டேப் ஒட்டுங்கள். வேண்டாமென்றால் உரித்துவிடலாம்.

ஏ கரகரப்பது இரண்டு வாரம் ஊதினால் அவள் மூச்சுக்குப் பழகிவிடும். கச்சேரியில் என்ன பாட்டு என்று கேட்டுச் சொல்லுங்கள்.

லிமெரிக் அப்பா எழுதியது:

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அக்கா. இப்போதைக்கு மோகனத்தில் ஸரிகபத ஊதிக்கொண்டிருக்கிறாள்.