புதுப்பிப்பு: ஜெட் ஸ்கீ பம்ப் வளையம், ஏழு மாதம் கழித்து

முட்டுக்காடு முகத்துவாரத்தில் ஓடும் எங்கள் ஜெட் ஸ்கீயில் (பம்பால் தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி ஓடும் நீர் பைக்) இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது என்று மார்ச்சில் புலம்பியிருந்தேன். இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறியை, மாற்றச் சொன்னீர்கள், பாதிப் பேர். மாற்றவில்லை, நல்லதாயிற்று.

பம்பைக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி, இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையம். மெக்கானிக் வாயில் அது 'வேர் ரிங்' (wear ring), தேய்வதற்கென்றே வைத்த வளையம். மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உள்சுவரில் மணல் உரசி இசைத்தட்டைப் போல வட்டவட்டமாகக் கோடுகள். தடவினால் விரல் நகம் மாட்டி நின்றது. ஃபீலர் கேஜில் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) இம்பெல்லருக்கும் வளையத்துக்கும் இடைவெளி 1 மி.மீ. அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் பின்வாங்கி நழுவினால் தள்ளுவிசை எங்கிருந்து வரும்? புது வளையத்தில் 0.25தான்.

எஃகு வளையம் போடலாமே என்று கேட்டவர்களுக்கு: மணலை அது நன்றாகவே தாங்கும். ஆனால் கூழாங்கல் சிக்கினால் பிளாஸ்டிக் தான் கிழிந்து இம்பெல்லரைக் காப்பாற்றும், எஃகு விட்டுக்கொடுக்காது. உப்புநீரில் எஃகும் அலுமினிய உறையும் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு தின்பது அலுமினியத்தை. பிளாஸ்டிக்கிலேயே நின்றுவிட்டேன்.

மணலை உறிஞ்சாமலிருக்க இப்போதெல்லாம் இடுப்பளவு தண்ணீர் வரும்வரை கையால் தள்ளிக்கொண்டு போகிறோம், பிறகுதான் ஸ்டார்ட். புது வளையத்தின் இடைவெளியை நேற்று அளந்தேன்: 0.4 மி.மீ. நன்னீரில் கழுவுவது உப்புக்குத்தான் மருந்து, விழுந்துவிட்ட கீறலுக்கு அல்ல.

பம்ப் பேரிங் எண்ணெய் மட்டும் மோர் நிறத்தில் வந்தது. சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிக்கிறேன்.