சிட்டர்: ‘அமர்வாளர்’ வேண்டாம், ‘முகம் தந்தவர்’ சரிவருமா?

> சிட்டர் = அமர்வாளர். சிட் என்றால் அமர்தல்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. சிட்டர் (sitter) என்றால் உருவப்படத்துக்காக ஓவியர் அல்லது புகைப்படக்காரர் முன்னால் இருப்பவர். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடனின் அமெரிக்க மேற்குப் படங்களுக்குத் தமிழ்க் குறிப்பு எழுத ஆரம்பித்தபோதுதான் எனக்கே உறைத்தது. 1979 முதல் 1984 வரை சுரங்கத் தொழிலாளி, லாரி ஓட்டுநர் என்று 752 பேரை வெள்ளைத் தாள் முன்னால் நிறுத்தி எடுத்தார், 1985-இல் டெக்சாஸின் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பெரிது பெரிதாக்கி மாட்டினார்கள். பெரும்பாலும் நிற்கிற ஆட்கள். நிற்கிறவரை அமர்வாளர் என்று சுவரில் ஒட்டினால் சிரிக்க மாட்டார்களா? ஓவியருக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்த பழக்கம் மேல்நாட்டாருடையது, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்.

குடியாத்தத்தில் மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருக்கு எல்லாரும் ‘பார்ட்டி’தான், ரசீதிலும் ‘பார்ட்டி பெயர்’. உயிருள்ள சொல், ஆனால் காசு கொடுப்பவரைக் குறிக்கிறது.

> அப்போ மாடல் என்றே விட்டுவிடலாமே.

ஃபேஷன் படத்துக்கு விடலாம். 1955-இல் பாரிஸ் சர்க்கஸ் ஒன்றில் டோவிமா என்ற மாடல் யானைகளுக்கு நடுவே நிற்கும் அவெடன் படத்தின் தலைப்பிலேயே டியோர் (பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனம்) உடை என்று வந்துவிடுகிறது, அங்கே காட்டுவது உடையை. (‘வடிவழகி’ என்று யாரும் கிளம்ப வேண்டாம், ஆண் மாடலை என்ன செய்வீர்கள்?) மேற்குப் படங்களில் அப்படியில்லை, பெயர், தொழில், ஊர், நாள், அவ்வளவுதான். நம் வட ஆற்காட்டு நடுகல் மாதிரி. செங்கம் பக்கத்துக் கற்களில் ஆளின் பெயரைச் சொல்லி, ‘தொறு மீட்டுப் பட்டான்’ (மாட்டு மந்தையை மீட்டு இறந்தான்) என்று அவன் செய்ததையும் சொல்லிவிடுவார்கள். செய்ததை வைத்தே ஆளைச் சொல்கிற அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் ‘முகம் தந்தவர்’ என்று தோன்றியது. “முகம் கொடுத்துக்கூடப் பேசல” என்று வீட்டில் குறைப்படுவோமே, அதே முகம். ‘கொடுத்தவர்’ என்றால் இலங்கை நண்பர்களுக்குப் பிரச்சினைக்கு முகங்கொடுப்பது நினைவுக்கு வரும், அதனால் ‘தந்தவர்’.

முகம் தந்தவர்: ரொனால்ட் ஃபிஷர், தேனீ வளர்ப்பவர், டேவிஸ், கலிஃபோர்னியா, 9 மே 1981.

வாசித்துப் பாருங்கள், இடறவில்லை. ஆனால் சிக்கலே இந்த ஃபிஷர்தான். தேனீ மொய்க்க நிற்க ஆள் வேண்டும் என்று அவெடன் தேனீ வளர்ப்போர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பிடித்த ஆள் இவர், ராணித் தேனீயின் வாசனைப் பொருளை உடம்பில் தடவித்தான் தேனீக்களை உட்கார வைத்தார்கள். அப்புறம் இவர் முகம் தந்தவரா, மாடலா? பெயரும் ஊருமாகக் குறிப்பு இருப்பதால் முதலாவதிலேயே சேர்த்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் கையேடு அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள் ஐயா.

வேலூரிலிருந்து