டாக்கர் ஸ்வார்மில் என்னென்ன ஸ்டாக் இருக்கிறது என்று கமாண்டில் பார்ப்பது எப்படி?

கோத்தகிரி:
வணக்கம். இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியின் சர்வர் வேலை இப்போது என் பொறுப்பு. மூன்று மெஷின் சேர்ந்து ஒன்றாக கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் ஸ்வார்ம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடைப் பதிவு, பணப் பட்டுவாடா எல்லாம் அதில்தான். முன்பு பார்த்தவர் எதையும் எழுதி வைக்கவில்லை. 'டாக்கர் பிஎஸ்' அடித்தால் அந்த மெஷினின் கன்டெய்னர்கள் மட்டுமே வருகின்றன. ஸ்டாக், அதாவது ஒன்றாகச் சேர்த்து ஏற்றிய சர்வீஸ்களின் தொகுப்பு, அவற்றின் மொத்தப் பட்டியல் வேண்டும். மழை நாளில் வீட்டிலிருந்து டேஷ்போர்டு திறக்காது, தூரத்திலிருந்து கமாண்ட் அடிக்கும் எஸ்எஸ்எச் எப்படியோ கிடைத்துவிடும். அதனால் கமாண்டாகச் சொல்லுங்கள்.

ஊட்டி:
'டாக்கர் ஸ்டாக் எல்எஸ்'. பெயரும் சர்வீஸ் எண்ணிக்கையும் வரும்.

கோத்தகிரி:
அடித்தேன் அண்ணா. இந்த நோடு மேனேஜர் இல்லை என்கிறது.

குன்னூர்:
நோடு என்பது ஸ்வார்மில் உள்ள ஒரு மெஷின். நீங்கள் இருப்பது கொடுத்த வேலையை மட்டும் செய்யும் வொர்க்கர் நோடு தம்பி. ஸ்டாக் விவரம் மேனேஜரிடம்தான் கிடைக்கும். அங்கேயே 'டாக்கர் இன்ஃபோ' அடித்தால், ஸ்வார்ம் பகுதியில் மேனேஜர் முகவரி 2377 போர்ட்டோடு வரும். அந்த ஐபிக்குப் போய் அடியுங்கள்.

ஒன்று முக்கியம். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதால் அப்ளிகேஷன் ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள். சர்வீஸ் 4 என்றால் நான்கை அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான்கும் விழுந்து கிடந்தாலும் 4 என்றே காட்டும். 'டாக்கர் ஸ்டாக் சர்வீசஸ்' என்று அடித்து ஸ்டாக் பெயரைக் கொடுங்கள். ரெப்ளிகாஸில் 0/1 என்று வந்தால், ஒன்று ஓட வேண்டிய இடத்தில் இப்போது எதுவும் ஓடவில்லை. காரணம் தெரிய 'டாக்கர் ஸ்டாக் பிஎஸ் --நோ-ட்ரங்க்', பின்னால் பெயர். அந்த நோ-ட்ரங்கை விட்டால் பிழைச் செய்தி பாதியில் அறுந்துவிடும். விவசாயிகளின் பணம் போகும் இடம், எல்லா ஸ்டாக்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஊட்டி:
ஸ்வார்ம் இல்லாமல் அந்தந்த மெஷினிலேயே கம்போஸில் நேரடியாக ஏற்றியது எதுவும் அந்தப் பட்டியலில் வராது. அதற்கு ஒவ்வொரு மெஷினிலும் 'டாக்கர் கம்போஸ் எல்எஸ்'.

கோத்தகிரி:
மேனேஜரில் பட்டியல் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் பட்டுவாடா ஸ்டாக்கில் ஒரு சர்வீஸ் 0/1. 'நோ சூட்டபிள் நோட்' என்கிறது, ஒரு நோடு புது வேலை எடுக்காதாம்.

குன்னூர்:
'டாக்கர் நோட் எல்எஸ்' பாருங்கள். ஏதாவது ஒன்று டிரெய்ன் (Drain, புது வேலை கொடுக்காமல் ஒதுக்கி வைத்த நிலை) என்று இருக்கும். ஏன் அப்படி வைத்தார்கள் என்று ஃபேக்டரியில் கேட்டுவிட்டு, 'டாக்கர் நோட் அப்டேட் --அவெய்லபிலிட்டி ஆக்டிவ்', பின்னால் அந்த நோடின் பெயர் கொடுங்கள்.

கோத்தகிரி:
டிஸ்க் மாற்ற நிறுத்தியதாம், மாற்றியும் ஆகிவிட்டது. ஆக்டிவ் கொடுத்தேன், 1/1 வந்துவிட்டது.