சார்ல்ஸ் ட்ரூ இரத்ததான முகாம்: பங்கேற்றவர்கள் கவனித்தவை

டர்ஹம்வாசி:
ஒமேகா சை ஃபை, 1911 நவம்பர் 17 அன்று வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கறுப்பின மாணவர் சகோதர சங்கம். அதன் கிளைகள் நடத்தும் இரத்ததான முகாம், சங்கத்தின் உறுப்பினரான டாக்டர் சார்ல்ஸ் ட்ரூ பெயரில் நடக்கிறது. 1940-இல் பிரிட்டனுக்குப் பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) அனுப்பிய திட்டத்தின் மருத்துவப் பொறுப்பாளர் அவர். பாராட்டு மேடைகளில் ஒரு தப்பு ஓயாமல் வருகிறது: 1950-இல் கார் விபத்தில் அடிபட்ட ட்ரூவுக்கு வெள்ளையர் மருத்துவமனை இரத்தம் ஏற்ற மறுத்ததாம். கட்டுக்கதை. வட கரோலினா மருத்துவர்கள் சிகிச்சை தந்தார்கள். பிழைக்கிற காயம் இல்லை. அநியாயம் நடந்தது வேறிடத்தில். முதலில் கறுப்பினத்தவர் இரத்தமே வேண்டாம் என்ற அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், 1942-இல் வாங்கத் தொடங்கியும் 1950 வரை தனியாகப் பிரித்தே வைத்தது. மேடையில் சொல்ல வேண்டியது இது.

ஓ_நெகட்டிவ்:
கிளைக்காரர்கள் ஊசி போடுவதில்லை. இடம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது அவர்கள் பாடு. எடுப்பது இரத்த வங்கி. குறைந்தது 110 பவுண்டு எடை, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12.5. வந்தவர் திரும்பிப் போக ஹீமோகுளோபின் குறைவு முக்கியக் காரணம். அன்று காலை கீரை தின்று பயனில்லை, வாரக்கணக்கில் இரும்புச்சத்து ஏற வேண்டும். அதனால் அழைப்பை ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். செஞ்சிலுவை முகாம் என்றால் ரேபிட்பாஸ் என்ற இணையவழி உடல்நலக் கேள்வித்தாளை அன்றைக்கே நிரப்ப வேண்டும். முந்தின நாள் நிரப்பியது செல்லாது.

லேப்_கோட்:
கறுப்பினக் கொடையாளர்கள் ஏன் வேண்டும்? சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) நோயாளிக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் ஏ, பி, ஓ, ஆர்எச் மட்டும் பொருந்தினால் போதாது. சிவப்பணு மேல் இருக்கும் சி, ஈ, கெல் என்ற அடையாளப் பொருட்களும் (ஆன்டிஜென்) பொருந்தாவிட்டால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி, அடுத்த பை கிடைப்பதே திண்டாட்டமாகிவிடும். ஒரே வம்சாவளியில் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம். நோய் இல்லாமல் சிக்கிள் செல் பண்பு மட்டும் (ஒரு பெற்றோரிடமிருந்து வந்த மரபணு) உள்ளவர் தரலாம். ஆனால் எடுத்த இரத்தத்திலிருந்து வெள்ளையணுவை நீக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டு பை வீணாவதும் உண்டு.

இன்னொன்று: சேமித்த சிவப்பணு 42 நாள்தான் தாங்கும். வருஷத்துக்கு ஒரே பெரிய முகாம் என்பது பேனர் படத்துக்குத்தான் நல்லது. கொடையாளருக்கு 56 நாள் இடைவெளி கட்டாயம். அதை வைத்து வருஷத்துக்கு நாலு சின்ன முகாம் போடுங்கள்.

டர்ஹம்வாசி:
சரிதான். நகர மன்றப் பாராட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் வந்த கூட்டத்தை எழுதாதீர்கள். சேர்ந்த யூனிட், முதல்முறை கொடையாளர், திரும்பி வந்தவர் என்று பிரித்து இரத்த வங்கியிடமே கணக்கு கேட்டு இணையுங்கள்.