பெரிய வீடு குழு: கேமரா வரவில்லை

அப்பா: புது ஃபைபர் மாட்டியதிலிருந்து கேமரா போனில் வரவில்லை. ஆஃப்லைன் என்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டு மேலப்புதுக்குடி கோயிலுக்குப் போகிறோம். முரளி உடனே பார்க்கவும்.

தென்காசி அத்தை: வேன் சொல்லியாச்சா?

முரளி: டிவியில் படம் வருகிறதா அப்பா?

அப்பா: நன்றாக வருகிறது. நாலாவது மட்டும் கறுப்பு.

அம்மா: நாலாவது தீபாவளியிலிருந்தே கறுப்புதான்.

தாம்பரம் மச்சான்: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் போட்டு, வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக வழி திறந்துவிட்டால் வந்துவிடும் மாமா.

முரளி: மச்சான், அது இந்த லைனில் சந்தேகம்தான். ரவுட்டரின் வெளி முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால், கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. நம் ஆப்புக்கு அது தேவையும் இல்லை. டிவிஆரே, அதாவது கேமராக்களின் வயர் வந்து சேரும் ரெக்கார்டர் பெட்டியே, நெட் வழியாகக் கேமரா கம்பெனியின் கிளவுட் சர்வருக்குப் போய்ப் பதிந்துகொள்ளும். அது வெளியே போக வழி இருந்தால் போதும், அந்த வழிதான் இப்போது இல்லை.

முரளி: பழைய ரவுட்டர் 192.168.1.1. கேமரா போட்டவர் டிவிஆருக்கு 192.168.1.50 என்று நிரந்தரமாகக் கொடுத்து, கேட்வேயில், அதாவது நெட்டுக்கு வெளியே போகும் வாசல் என்ற இடத்தில், பழைய ரவுட்டரின் எண்ணை எழுதிவிட்டுப் போனார். புது ரவுட்டருக்கு வேறு எண் இருக்கும். டிவிஆர் இன்னும் பழையதையே தேடிக்கொண்டிருக்கிறது. டிவிக்கு வயர் நேராகப் போவதால் அங்கே மட்டும் படம் வருகிறது.

தென்காசி அத்தை: திருநெல்வேலி பஸ் ஸ்டாண்ட் வேய்ந்தான்குளத்துக்குப் போன பிறகும் எங்கப்பா ஜங்ஷனிலேயே போய் நின்ற மாதிரி.

சித்தப்பா: 😂😂

முரளி: போனில் வைஃபை பெயரைத் தொட்டு, கேட்வே என்ன எண் என்று பாருங்கள்.

அப்பா: (படம்)

முரளி: அது செட்டாப் பாக்ஸ் அப்பா.

கார்த்தி: 192.168.100.1 அண்ணா. நான் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறேன்.

முரளி: அதேதான்! டிவிஆர் மவுஸை எடுத்து நெட்வொர்க் மெனுவில் டிஹெச்சிபிக்கு டிக் போடு, ரவுட்டரிடமிருந்து எண்ணைத் தானே வாங்கிக்கொள்ளும்.

கார்த்தி: பாஸ்வேர்ட் கேட்கிறது.

கவிதா: காலண்டருக்குப் பின்னால் எழுதியிருந்ததே.

அம்மா: எந்த வருஷக் காலண்டர்?

கவிதா: அம்மா!!

அம்மா: எண்ணெய்த் தூக்குக்கு அடியில் விரித்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன், எழுத்தெல்லாம் ஊறிப்போய்விட்டது.

முரளி: கார்த்தி, சும்மா எதையாவது போட்டுப் பார்க்காதே, பூட்டிக்கொள்ளும். டிவிஆரைத் தொடவே வேண்டாம். ரவுட்டருக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள லாகின் பெயர், பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போ. லேன் ஐபியை, அதாவது ரவுட்டரின் வீட்டு எண்ணை, 192.168.1.1 என்று மாற்று. டிஹெச்சிபி தானாகக் கொடுக்கும் கடைசி எண்ணை 100 முதல் 200 வரை வை, அப்போதுதான் அந்த 50 வேறு போனுக்குப் போகாது. சேவ் கொடுத்ததும் நெட் கொஞ்ச நேரம் போகும், பயப்படாதே.

சித்தி: மூணாவது கேமரா எங்கள் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, கையோடு அதையும் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

அப்பா: அது முருங்கை மரத்துக்காக வைத்தது.

சித்தப்பா: மரமே எங்கள் பக்கம்தானே அண்ணே.

தென்காசி அத்தை: ஆரம்பிச்சாச்சு. நான் கேட்டது வேன்.

கார்த்தி: மாற்றிவிட்டேன். வைஃபை திரும்ப வந்துவிட்டது.

கவிதா: எனக்கு வருகிறது!! திண்ணையில் யாரோ லுங்கியோடு நிற்கிறார்கள்.

அப்பா: நான்தான்.

முரளி: அப்பா, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் தெரிவது கணக்கில் சேராது.

அப்பா: வருகிறது. நாலாவது?

முரளி: அது நெட் கோளாறு இல்லை. டிவியிலேயே இல்லை என்றால் வயர் அல்லது கேமராவுக்குப் போகும் கரண்ட். டிவிஆர் பாஸ்வேர்டை மாற்றவும் ஆள் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

அப்பா: உத்திரம் கழியட்டும்.

சித்தி: அப்போது மூணாவது?

அப்பா: 👍

கவிதா: அந்த விரலுக்கு என்ன அர்த்தம் அப்பா?

சித்தப்பா: வேன் சொல்லியாச்சு அக்கா. காலை 4 மணி.

அம்மா: 4 மணிக்கா? பொங்கப் பானை, விறகு எல்லாம் யார் ஏற்றுவது? 5 என்று சொல்லுங்கள்.

தென்காசி அத்தை: 5 என்றால் நான் நேரே கோயிலுக்கே வந்துவிடுகிறேன்.

சித்தப்பா: டிரைவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.